நீர்மேல் கீரை

கே: வெங்காயத்தாளின் வேர்ப்பக்கத்தைத் தண்ணீரில் நிறுத்தினால் ஒரே வாரத்தில் மறுபடி தாள் வருகிறது. இனி சந்தைக்குப் போகவே வேண்டாமா? (வாசகி, காத்தோங், சிங்கப்பூர்)

ப: முதல் கட்டு வாங்கவாவது போக வேண்டுமே! வேரோடு மூன்று விரற்கடை வெள்ளைத் தண்டை விட்டு நறுக்கி, வேர் மட்டும் நனையும்படி வையுங்கள். நாலாம் நாளே பெருமை தொடங்கிவிடும். முதல் வெட்டு ஆம்லெட்டுக்குத் தேறும், இரண்டாவது சுமார், மூன்றாவது நூல். வெறும் தண்ணீரில் சத்து ஏது? அடித்தண்டில் சேர்த்து வைத்ததைச் செடி எடுத்துச் செலவழிக்கிறது, அவ்வளவுதான். கையிருப்பு தீருமுன் மண்தொட்டிக்கு மாற்றினால் பல மாதம் வெட்டலாம். மிச்சமாவது சில வெள்ளிதான். விருந்தாளிகளிடம் காட்டிக்கொள்வது தனிக் கணக்கு.

கே: கேரட் தலையைத் தட்டு நீரில் வைத்திருக்கிறேன். கேரட் எப்போது வரும்?

ப: வராது. கேரட் என்பதே வேர். அதைத்தான் சாம்பாரில் போட்டுவிட்டீர்களே! தலையில் துளிர்ப்பது இலை மட்டும்.

கே: தேக்காவில் வாங்கிய கறிவேப்பிலைக் கொத்து பத்து நாளாகக் குவளையில் நிற்கிறது. வேரைக் காணோம்.

ப: அது வேர் பிடிக்க நிற்கவில்லை, ரசத்துக்குக் காத்து நிற்கிறது. கறிவேப்பிலைக்கு விதை வேண்டும், அல்லது தாய்ச்செடியின் வேரில் கிளம்பும் கன்று வேண்டும். வீவக அடுக்குமாடித் தாழ்வாரத்தில் யார் வீட்டு வாசலில் தொட்டி இருக்கிறதென்று பாருங்கள். அண்டை வீட்டாரோடு பேச இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

கே: அப்படியானால் எதுதான் வரும்?

ப: கணுவில் எளிதாக வேர்விடுவதெல்லாம் வரும். புதினா, பொன்னாங்கண்ணி, கொடிப்பசலை, கங்கோங்: இலையை ஆய்ந்துகொண்டு குப்பையில் எறிகிறோமே, அந்தத் தண்டுதான் நாற்று. கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, நீரில் மூழ்கும் இலைகளை உதிர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் அழுகி நாறும். சில நாளில் கணுவிலிருந்து வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும். அடிக்குருத்து கெடாத செராய் (எலுமிச்சைப்புல்) தண்டும் அப்படியே. காத்தோங்கில் இருந்துகொண்டு லக்சா இலையை மறக்கலாமா? நூடுல்ஸை வெட்டிப்போட்டுக் கரண்டியாலேயே சாப்பிடுகிறீர்களே, அந்த லக்சாவின் மேல் தூவும் இலைதான். அதன் காம்பைத் தண்ணீரில் போட்டு மறந்தாலும் வேர்விடும். என் வெங்காயத்தாள் மோகத்தைத் தீர்த்து வைத்தது அதுதான்.

கே: மறந்தாலும் என்கிறீர்கள். கொசு மறக்குமா?

ப: மறக்காது, வாக்கை வாபஸ் வாங்குகிறேன். 2020-ல் தேசியப் பூங்காக் கழகம் லட்சக்கணக்கான வீடுகளுக்குக் கீரை, காய்கறி விதைகளை இலவசமாக அனுப்பியது. அதே ஆண்டில்தான் டெங்கிக் காய்ச்சல் 35,000 பேருக்கு மேல் வந்தது. விதைமேல் பழியில்லை, தேங்கிய தண்ணீர்மேல்தான். முட்டை கொசுவாக ஒரு வாரம் போதும், உங்கள் வெங்காயத்தாளுக்கும் அதே ஒரு வாரம். ஒருநாள் விட்டு ஒருநாள் நீரை மாற்றுங்கள், குவளையின் உட்சுவரையும் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டை இடுவது நீரில் அல்ல, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரச்சுவரில். சுற்றுப்புற வாரிய அதிகாரி கதவைத் தட்டும்போது "அது என் தோட்டம்" என்றால் அபராதம் குறையாது.

கே: என் தொண்ணூறு வயதுப் பாட்டி இந்தக் குவளைகளைப் பார்த்துச் சிரிக்கிறாரே?

ப: சிரிக்க உரிமை உள்ளவர். 1942 முதல் 1945 வரை ஜப்பான்காரன் காலத்தில் அரிசிக்குப் பங்கீடு. கண்ட இடத்திலெல்லாம் மரவள்ளி நட்டார்கள். கிழங்கைத் தோண்டியதும் குச்சியைத் துண்டாக்கி மறுபடி மண்ணில் ஊன்றினால் அடுத்த போகம். மிச்சத்திலிருந்து பயிர் என்பது அவருக்குப் பொழுதுபோக்கு அல்ல, வயிற்றுப்பாடு. மரவள்ளி அப்பம் நீட்டிப் பாருங்கள், சிரிப்பு நின்றுவிடக்கூடும்.

கே: கணவர் குவளைகளையெல்லாம் வெங்காயத்துக்கு எடுத்துக்கொண்டார். கோப்பி எதில் குடிப்பது?

ப: கீழே கோப்பிக் கடையில். அங்கேயே குடித்துவிட்டு வாருங்கள். பிளாஸ்டிக் குவளையில் வாங்கி வந்தால் அதுவும் ஜன்னலோரம் போய்விடும்.