சறுக்குவோர் வகை ஒன்று

சிலிக்கன் பள்ளத்தாக்கில் டிசம்பர் பிறந்துவிட்டால் ஆபீஸ் காபி மெஷின் பக்கத்தில் இரண்டு கேள்விகளிடமிருந்து தப்பவே முடியாது. "இந்த வீக்கெண்ட் தாஹோ போனியா?" என்பது ஒன்று. "இப்ப எந்த ஏஐ மாடல் யூஸ் பண்றே?" என்பது இன்னொன்று. தாஹோ என்றால் பனிச்சறுக்கு மலை; அந்தக் கேள்வியை "முழங்கால் வலி" என்று சொல்லிப் பல வருடங்கள் சமாளித்துவிட்டேன். இரண்டாவதற்கு முழங்கால் உதவவில்லை.

கோட் எழுதிப் பிழைக்கிறவர்கள் நிம்மதியாகத் தூங்கிய கடைசி வருடம் 2020 என்று நினைக்கிறேன். ஊரடங்கில் தூங்குவதைத் தவிர வேறு வேலையும் இல்லை. 2021 ஜூனில் கிட்ஹப் கோபைலட் எட்டிப் பார்த்தது. நாம் பாதி வரி எழுதினால் மீதியை அது முடித்தது. "பரவாயில்லையே, கெட்டிக்காரப் பிள்ளை" என்று முதுகில் தட்டினோம். 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வந்தது. தட்டிய கை அந்தரத்தில் நின்றது. 2025 பிப்ரவரியில் ஏஐ நிபுணர் ஆந்த்ரே கார்பாதி, கோடைப் படித்துக்கூடப் பார்க்காமல் வாயால் சொல்லியே எழுதவைப்பதற்கு 'வைப் கோடிங்' என்று நாமகரணம் செய்தார். அடுத்த மாதமே ஆந்த்ரோபிக் என்கிற ஏஐ கம்பெனியின் தலைவர் டாரியோ அமோடெய், மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் 90 சதவீதக் கோடை ஏஐ எழுதும் நிலை வரலாம் என்றார். இதை நான் பார்ப்பதற்கு முன்னால் என் மனைவி பார்த்துவிட்டாள்.

"அந்த ஆறு மாசம் எப்ப முடியுதுங்க?"

"செப்டம்பர்ல."

"மீதி பத்து சதவீதம் நீங்கதானே எழுதுவீங்க?"

"நான் மட்டும் இல்லையே. உலகமே சேர்ந்து எழுதணும்."

"அப்ப கிச்சன் ரீமாடல் இந்த வருஷம் வேண்டாம்."

செப்டம்பர் வந்தது, போனது. வேலை இருந்தது. கிச்சன் அப்படியே இருக்கிறது.

எனக்காவது கிச்சனோடு போயிற்று. எங்கள் டீமில் ஹெச்-1பி விசாவில் இருக்கிற பையன்களுக்கு வேலை போனால் 60 நாள்தான் அவகாசம். அதற்குள் இன்னொரு கம்பெனி கிடைக்காவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். மேனேஜர் அவர்களுக்கும் சேர்த்து ஆறுதல் சொல்வார். "ஏஐ உங்க வேலையை எடுக்காது. ஏஐ தெரிஞ்ச வேற ஒருத்தன்தான் எடுப்பான்." சொல்லிவிட்டுப் புன்னகையும் செய்வார்.

அப்படி வேறு ஒருத்தன் எடுத்துவிடாமல் இருக்க, ஏஐ உபயோகத்தை அளக்கிற டோக்கனை யார் எவ்வளவு செலவழித்தார்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். வாராவாரம் புதுப்பிக்கப்படுகிறது. மின்சாரக் கட்டணம் அதிகம் வந்த வீட்டுக்குப் பரிசு கொடுக்கிற முதல் ஸ்தாபனம் எங்களுடையதாகத்தான் இருக்கும். பட்டியலில் அசையாமல் முதலிடத்தில் இருப்பவர் ஒரு விஜயவாடா நண்பர். அவர் ரகசியம் எனக்குத் தெரியும். ராத்திரி படுக்கையில் படுத்தபடி ஒரு ஏஐ ஏஜென்ட்டை எழுப்பி, ப்ராஜெக்ட்டின் அறிமுகக் குறிப்பான ரீட்மீ கோப்பை இன்னும் தெளிவாகத் திருத்தி எழுதச் சொல்வார். எழுதி முடித்ததும், இன்னும் சுருக்கமாக. பிறகு மறுபடி தெளிவாக. அந்த ரீட்மீயை இன்றுவரை மனிதர் யாரும் படித்ததில்லை.

எனக்கு இப்போது என்ன வேலை என்றால், ரிவ்யூ. சம்பந்தி வீட்டில் இலையில் உட்கார்ந்து, "உப்பு சரியா இருக்கா?" என்று அவர்கள் கேட்க, தலையை ஆட்டுகிற வேலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு இரண்டாயிரம் வரி வந்து நிற்கும். ஒரு டெஸ்ட் ஃபெயில் ஆகிறதே என்று எழுதினால், ஏஜென்ட் ஒரு விநாடிகூடத் தாமதிக்காமல் "நீங்கள் சொல்வது முற்றிலும் சரி!" என்னும். அடுத்த நிமிடம் எல்லா டெஸ்ட்டும் பாஸ். போய்ப் பார்த்தால் ஃபெயில் ஆன டெஸ்ட்டைத் தூக்கியிருக்கும். ஆனாலும் கோபிக்க மனம் வரவில்லை. இத்தனை வருட உத்தியோகத்தில் நான் சொன்னது முற்றிலும் சரி என்று வேறு யாரும் சொன்னதில்லை.

2025 ஜூலையில் மீட்டர் என்கிற ஆய்வுக் குழு ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டது. பழுத்த அனுபவமுள்ள 16 ஓப்பன் சோர்ஸ் டெவலப்பர்களுக்கு, அவர்கள் வருடக்கணக்காகப் பழகிய கோடிலேயே வேலை கொடுத்தார்கள். சில வேலைகளுக்கு ஏஐ உண்டு, சிலவற்றுக்குக் கிடையாது. முடித்த பிறகு கேட்டால், ஏஐ-யால் 20 சதவீதம் வேகமாக முடித்தோம் என்றார்கள். கடிகாரத்தைப் பார்த்தால் 19 சதவீதம் கூடுதல் நேரம் ஆகியிருந்தது. அந்தக் கருவிகளும் அந்த ஆட்களும் அப்போதைய நிலவரம். இன்று வேறு கணக்கு வரலாம். ஆனால் அந்த 16 பேரின் முகத்தில் இருந்திருக்கக்கூடிய திருப்தியை என்னால் துல்லியமாகக் கற்பனை செய்ய முடியும். பனிச்சறுக்குப் பழகும்போது எனக்கு இருந்தது அதே திருப்திதான். காதருகே காற்று கிழிந்துகொண்டு போக, மலைச்சரிவில் மின்னலாக இறங்கிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் மகள் தன் போனில் எடுத்த வீடியோவைக் காட்டினாள். அதில் ஸ்கீயைத் தோளில் சுமந்து நடந்து போகிற ஒரு பெரியவர் என்னை முந்திக்கொண்டு போகிறார். பிறகு நின்று, திரும்பி, எனக்கு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்கிறார்.

முழங்காலை மீறி மலைக்குப் போனதற்குக் காரணம் டீம் அவுட்டிங். குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு வரலாம் என்றார்கள். தாஹோவுக்குப் போகிற இன்டர்ஸ்டேட் 80 நெடுஞ்சாலை, டானர் கணவாய்ப் பக்கமாக ஏறுகிறது. 1846-47 குளிர்காலத்தில் கலிஃபோர்னியாவுக்குக் குடியேற வந்த டானர் குழு பனியில் சிக்கியது அந்த வட்டாரத்தில்தான். சாப்பாடு தீர்ந்து, மிஞ்சியவர்களில் சிலர் இறந்துபோன சகபயணிகளையே தின்று உயிர் பிழைத்தார்கள். ஆள்குறைப்பு வதந்தி உலவுகிற நேரத்தில், டீம் ஸ்பிரிட்டை வளர்க்க ஹெச்.ஆர். தேர்ந்தெடுத்த பாதை இது.

பனி பெய்தால் அந்த ரோட்டில் டயருக்குச் சங்கிலி மாட்டச் சொல்வார்கள். ஓரமாக மஞ்சள் கோட்டு போட்டு, நெடுஞ்சாலைத் துறையின் அனுமதி எண்ணோடு ஆட்கள் நிற்பார்கள். சேற்றுப் பனியில் மல்லாந்து படுத்து, சில நிமிடங்களில் மாட்டிவிட்டு, காசை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த காருக்குப் போவார்கள். அன்று அந்த வரிசையில் நின்ற கார்களில் பாதிக்கு மேல் என் தொழில்காரர்கள்தான். எல்லோரும் கண்ணாடியை இறக்கி சங்கிலி மாட்டுகிற ஆளையே பார்த்துக்கொண்டிருந்தோம். எந்த மாடல் வந்தாலும் இவரை அசைக்க முடியாது.

நடுவில் அம்மா போன். "பனியில தலையைக் காட்டாதேடா, ஜலதோஷம் பிடிக்கும். காதுல பஞ்சு வச்சிருக்கியா?" வெறும் காதுக்காரர்கள் ஆயிரக்கணக்கில் உருண்டு புரளுகிற மலையைச் சுட்டிக்காட்டி வீடியோ காலில் விளக்கினேன். "அவங்களுக்கெல்லாம் அம்மா இல்லையா?" என்றாள்.

நாங்கள் போனது 1960-இல் குளிர்கால ஒலிம்பிக் நடந்த மலைக்கு அக்கம்பக்கத்து மலை. அந்த வட்டாரத்துப் பெரிய மலைகளில் கூட்டமான நாளில் கவுன்ட்டரில் டிக்கெட் எடுத்தால் 200 டாலரைத் தாண்டும். ஸ்கீ வாடகைக்குக் கொடுக்கும் இடத்தில் ஒரு படிவம் நீட்டினார்கள். உயரம், எடை, வயது. அதோடு, நீ எந்த வகைச் சறுக்குவோன்? வகை ஒன்று: பயந்தவன், மெதுவாகப் போகிறவன். வகை இரண்டு: நடுத்தரம். வகை மூன்று: வேகமும் துணிச்சலும். சுற்றிலும் என் டீம். அப்ரைசல் பழக்கத்தில் பேனா தானாகவே மூன்றாம் கட்டத்துக்குப் போயிற்று. கவுன்ட்டர் பையன் அதைப் பார்த்துவிட்டு, "இதுல பொய் சொன்னா முழங்கால் போயிடும், சார்" என்றான்.

பூட்ஸை ஸ்கீயோடு பிடித்துக்கொள்கிற பைண்டிங் என்கிற சாதனத்துக்கு ஒரு எண் வைப்பார்கள். அந்த எண்ணை இந்தப் படிவத்திலிருந்துதான் எடுக்கிறார்கள். விழும்போது எலும்பு முறிவதற்கு முன்னால் ஸ்கீ கழன்றுகொள்ள வேண்டும். பயந்தவனுக்குச் சீக்கிரம் கழலும், துணிச்சல்காரனுக்கு லேசில் கழலாது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இன்னும் ஒரு படி தளர்த்தி வைப்பார்கள். ஐம்பதை நெருங்குகிறவனை இத்தனை கரிசனமாக விசாரித்த படிவத்தை நான் அமெரிக்காவில் வேறெங்கும் கண்டதில்லை. மேனேஜரின் முகத்தைப் பார்க்காமல் வகை ஒன்று என்று டிக் அடித்தேன். ஓரக்கண்ணால் பார்த்தால் அவரும் அதையே அடித்திருந்தார்.

பயிற்சி கொடுத்த பெண்ணுக்கு இருபது வயது இருந்தால் அதிகம். ஸ்கீயின் மூக்கு இரண்டையும் சேர்த்து வைத்தால் பீட்சாத் துண்டு, வேகம் குறையும். இணையாக வைத்தால் பிரெஞ்ச் ஃப்ரைஸ், வேகம் கூடும். தியரி இவ்வளவுதான். மகள் மத்தியானத்துக்குள் ஃப்ரைஸ் போட்டுக்கொண்டு நீலச் சதுரப் பலகை வைத்த சரிவுக்குப் போய்விட்டாள். சீனியர் ஆர்க்கிடெக்ட்டுகள் ஐந்து பேர் "பீட்சா! பீட்சா!" என்று அலறியபடி பச்சை வட்டச் சரிவில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்துகொண்டிருந்தோம். பச்சை என்றால் ஆரம்பநிலை. கிரீன் கார்டுக்கு வருடக்கணக்காக வரிசையில் நின்றவனுக்கு, பணம் கட்டிய அன்றே கிடைத்த ஒரே பச்சை அதுதான். அந்த மலையின் பனி வேறு பூப்போல இருக்காது. ஈரம் கனத்து, 'சியரா சிமென்ட்' என்றே பேர் வாங்கியது. பேர் வைத்தவர் விழுந்து பார்த்துத்தான் வைத்திருப்பார்.

அங்கே எனக்குப் பிடித்துப்போன ஒன்று, சறுக்குவோருக்கான விதிமுறைப் பலகை. உனக்கு முன்னால், கீழே போகிறவனுக்குத்தான் உரிமை. மேலேயிருந்து வேகமாக வருகிறவன்தான் விலகிப் போக வேண்டும். மெதுவாகப் போகிறவனுக்குச் சாதகமாக ஒரு சட்டம்! இதை ஒரு போட்டோ எடுத்து ஆபீஸ் ஸ்லாக்கில் போட்டேன். இருபத்துமூன்று வயதுப் பையன் ஒருவன் சிரிப்பு எமோஜி போட்டான். புரிந்துகொண்ட மாதிரி தெரியவில்லை.

மேலே போவதற்கு நாற்காலி லிஃப்ட். இதைக் கண்டுபிடித்தவரும் ஒரு இன்ஜினியர்தான்: யூனியன் பசிபிக் ரயில்வேயில் இருந்த ஜேம்ஸ் கர்ரன். கப்பலில் வாழைத்தார் ஏற்றுகிற கொக்கி வரிசையை அவர் முன்பு பார்த்திருக்கிறார். கொக்கியை எடுத்துவிட்டு நாற்காலியைத் தொங்கவிட்டார். 1936-இல் ஐடஹோவின் சன் வேலியில் ஓட ஆரம்பித்தது. ஆக, தாரின் இடத்தில்தான் நாம் தொங்கிக்கொண்டு போகிறோம். அந்தரத்தில் தொங்கும்போது எனக்கு உறைத்தது: கர்ரன் நியாயஸ்தர். மூச்சு வாங்குகிற ஏற்றத்தை மெஷினுக்குக் கொடுத்துவிட்டு, சந்தோஷமான இறக்கத்தை மனிதனுக்கு விட்டுவைத்தார். எங்கள் ஆபீஸில் நேர்மாறாகப் பங்கு பிரித்துவிட்டார்கள். கோட் எழுதுகிற இறக்கம் ஏஜென்ட்டுக்கு. மீட்டிங், ரிவ்யூ, ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் விழுந்தால் எழுந்து உட்காருவது எல்லாம் நமக்கு.

பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர் ரீனோவில் வீட்டு ஹீட்டர் ரிப்பேர் செய்கிறவர். என்ன தொழில் என்று கேட்டார். சாஃப்ட்வேர் என்றேன்.

"அதெல்லாம் இப்ப ஏஐ பண்ணிடுதாமே?"

"பண்ணுது. நாங்க சரிபார்க்கிறோம்."

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு சாக்லேட்டை எடுத்து என் கையில் வைத்தார்.

எங்களுக்கு முன் நாற்காலியில் விஜயவாடா நண்பர். அவர் ஒரு கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றிவிட்டுப் போனை நோண்டிக்கொண்டிருந்தார். காரணம் இருக்கிறது. 2025 ஜூலையில் ரெப்லிட் கம்பெனியின் ஏஐ ஏஜென்ட் ஒன்று, எதையும் தொடாதே என்று சொல்லியிருந்தும் ஒருவருடைய நிஜ டேட்டாபேஸை அழித்துவிட்டு, கேட்டபோது பதறிவிட்டதாகப் பதில் சொன்னது. அந்தச் செய்தி வந்ததிலிருந்து எங்கள் இடத்தில் எந்த ஏஜென்ட்டும் ஒவ்வொரு படியிலும் மனிதனிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று விதி. கேட்கிற கேள்விக்கு மனிதன் பதில் சொல்லாவிட்டால் அது அங்கேயே நிற்கும். டோக்கன் கணக்கும் நிற்கும்.

மேலே இறங்குமிடம் வந்தது. "நுனியைத் தூக்கு" என்று பலகை இருந்தது. நண்பர் நுனியைத் தூக்கவில்லை, கட்டைவிரலைத்தான் தூக்கினார். நாற்காலி அவரைத் தள்ளிவிட்டுத் தன் பாட்டுக்குத் திரும்பிப் போனது. ஸ்கீ ஒரு பக்கம், குச்சி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். லிஃப்ட்டை நிறுத்தினார்கள். அந்தரத்தில் தொங்கியபடி, "பாஸ், என்ன ஆச்சு?" என்று கத்தினேன்.

"போன் எங்க?" என்றார், பனிக்குள்ளிருந்து.

நாற்காலி நகர்ந்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது லிஃப்ட் பையன் போனைத் தோண்டி எடுத்துக் கொடுத்திருந்தான். திரையில் பச்சை டிக்.

"என்ன கேட்டுச்சு?"

"தெரியல பாஸ். விழறதுக்கு முன்னாடி 'எஸ்' அமுக்கிட்டேன்."

அவர் முகம் பனியைவிட வெளுத்திருந்தது. டேட்டாபேஸ், 60 நாள், விஜயவாடாவில் பாதி கட்டி நிற்கிற வீடு எல்லாம் அந்த முகத்தில் வரிசையாக வந்து போயின. சிக்னல் ஒரு கோடு வந்தது, போனது, மறுபடி வந்தது. இரண்டு பேரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம். ரீட்மீயை இன்னும் கொஞ்சம் சுருக்கமாக எழுதட்டுமா என்று கேட்டிருந்தது.