நடை உபதேசகர்

மயிலாப்பூரில் லஸ்ஸுக்கு அருகே நாகேஸ்வர ராவ் பூங்கா என்று ஒன்று உண்டு. 1893-இல் பம்பாயில் அமிர்தாஞ்சனத்தைக் காய்ச்சி விற்கத் தொடங்கிய காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பந்துலுவின் நாமத்தைத் தாங்கிய அவ்விடத்திலே, முழங்காலில் அதே தைலத்தைத் தடவிக்கொண்டு ஜனங்கள் அதிகாலையில் பிரதட்சிணம் வருவதைக் காணும்போதெல்லாம், பெயர் சூட்டியவர்களின் தீர்க்கதரிசனத்தை எண்ணி நான் வியப்பதுண்டு.

இந்தக் கோஷ்டிக்குத் தலைவர் எங்கள் தெருப் பெரியவர். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதலாக, ஊராரை நடக்கவைப்பதே தம் ஜன்ம காரியம் என்று சங்கற்பம் செய்துகொண்ட அம்மகானுபாவர், கூப்பிடு தூரத்திலுள்ள பூங்காவுக்கு ஸ்கூட்டரில்தான் எழுந்தருளுவார். நடப்பதற்குத் தெம்பு மிஞ்ச வேண்டாமா என்பது அவர் நியாயம். ஒரே ஒரு சுற்று வந்து சிமெண்டுப் பெஞ்சியில் அமர்ந்தாரானால், வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான தேகாப்பியாசம் வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருப்பதை, அந்த 150 நிமிஷமும் தீரும்வரை விஸ்தரிப்பார். தினம் பத்தாயிரம் அடி என்பது அவருக்கு வேதவாக்கு. அந்தக் கணக்கு 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடியெண்ணும் கருவியின் பெயரிலிருந்து கிளம்பியது என்று நான் ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அது முதல் என் தொப்பையைப் பார்த்துத்தான் என்னோடு பேசுகிறார்.

போன வாரம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். இரண்டாவது மாடி, லிஃப்ட் பழுது. ஆகையால் அன்று பூங்காவுக்கு விடுமுறை. கீழே லாரித் தண்ணீரைப் பிடித்து நாலைந்து நடையாகக் குடம் குடமாய் மேலேற்றிவிட்டு, மூச்சு வாங்கத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த வேலைக்கார அம்மாளைப் பார்த்து, சாய்வு நாற்காலியில் கிடந்தபடியே பெரியவர் பரிவோடு சொன்னார்:

“உடம்புன்னா அசையணும் அம்மா. நீயும் தினம் ஒரு அரைமணி நடந்து பாரேன்.”

“சரிங்க ஐயா. அந்தக் காலைக் கொஞ்சம் தூக்குங்க.”

நாற்காலியின் நீண்ட கைச்சட்டங்களின்மேல் இரண்டு கால்களையும் ஏற்றிக்கொண்டார். தரை காய்ந்து வெகுநேரமாகியும் அவற்றை இறக்காமல், படியேறச் சோம்பும் இக்காலத்துப் பிள்ளைகளைப் பற்றி என்னிடம் விசனப்பட்டுக்கொண்டிருந்தார்.