இல்லத்து இணைய வேகம்: திணைக் கோட்பாட்டு நோக்கில் ஓர் ஆய்வு

ஆய்வின் நோக்கம்

மாதாமாதம் பணம் கட்டி வாங்கும் 100 மெகாபிட் வேகம், ஹாலில் தொண்ணூறாகவும், படுக்கையறையில் முப்பதாகவும், பாத்ரூமில் வெறும் நம்பிக்கையாகவும் மெலிவது ஏன் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். சங்கப் பாடல்களில் வரும் பூக்களையும் பறவைகளையும் எண்ணி முடித்துவிட்ட தமிழாய்வுலகம், டிவிக்குப் பின்னால் பச்சை விளக்கைச் சிமிட்டியபடி கிடக்கும் இந்தப் பெட்டியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அக்குறை இங்கே களையப்படுகிறது.

கருதுகோள்

காசு கொடுத்து வாங்கிய வேகத்தில் பெரும்பங்கு தெருவில் தொலைவதில்லை. வாசற்படி தாண்டிய பிறகே தொலைகிறது.

ஆய்வு எல்லை

சென்னையில் வாடகைக்கு விடப்படும் இரண்டு படுக்கையறை ஃபிளாட், அதற்கு வரும் ஃபைபர் இணைப்பு ஆகியவை மட்டும். மொட்டை மாடியின் ஒரு மூலையில் மட்டும் ‘டவர்’ கிடைக்கும் கைப்பேசி இணையம் தனி ஆய்வுக்குரியது.

முன்னாய்வுகள்

இத்துறையில் ஏற்கெனவே நான்கு பள்ளிகள் உள்ளன.

முதலாவது, ‘அணைச்சுப் போடு’ பள்ளி. எந்தக் கோளாறானாலும் சுவிட்சை அணைத்துப் பத்து எண்ணிவிட்டுப் போடுவது இதன் சித்தாந்தம். இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. அணைத்துப் போட்டால் ரவுட்டரின் நினைவகம் துப்புரவாகிறது. விழித்தெழும்போது நெரிசல் குறைந்த சேனலைத் தேடிக்கொள்ளும் ரவுட்டர்களும் உண்டு. ஆனால் தினமும் காலை மாலை இருவேளையும் செய்ய வேண்டியிருந்தால் அது வைத்தியம் அன்று, சடங்கு.

இரண்டாவது, ஆன்டெனா திருப்பும் பள்ளி. இலங்கையின் ரூபவாஹினி டிவி தெரிவதற்காக மொட்டை மாடியில் கம்பி திருப்பிய தலைமுறையினர் இதன் மூத்த உறுப்பினர்கள். ரவுட்டரின் குச்சியை லேப்டாப் இருக்கும் பக்கம் சாய்த்துக் குறிபார்ப்பது இவர்கள் வழக்கம். குச்சி ஆன்டெனா பக்கவாட்டில்தான் அலையைப் பரப்பும். நுனி காட்டும் திசையில் மிகக் குறைவாகவே அனுப்பும். ஆகவே இவர்கள் எவ்வளவு துல்லியமாகக் குறிபார்க்கிறார்களோ அவ்வளவு நஷ்டம். ஒரே தளத்து வீட்டுக்குக் குச்சிகள் நட்டுக்குத்தலாக நிற்பதே சரி. மாடிக்கும் வேண்டுமானால் ஒன்றைப் படுக்க வைக்கலாம்.

மூன்றாவது, எண் மந்திரப் பள்ளி. 2009-இல் வந்த 8.8.8.8, 2018-இல் வந்த 1.1.1.1 என்ற டிஎன்எஸ் எண்களை ரவுட்டரில் எழுதினால் வேகம் இரட்டிப்பாகும் என்பது இவர்கள் நம்பிக்கை. டிஎன்எஸ் தளத்தின் பெயரைக் கேட்டு முகவரி சொல்லும், அவ்வளவுதான். பக்கம் திறக்கத் தொடங்குவது சற்று முந்தலாம். சினிமா இறங்கும் வேகம் இம்மியும் கூடாது.

நான்காவது, பிளான் ஏற்றும் பள்ளி. படுக்கையறையில் படம் சுற்றினால் 100-ஐ 300 ஆக்குவார்கள். ஹாலில் வேகம் கூடும். படுக்கையறையில் படம் பழையபடி சுற்றும். இணைய நிறுவனங்கள் பெரிதும் மதிப்பது இப்பள்ளியைத்தான்.

அலகு பற்றிய தெளிவு

விற்பவர் சொல்வது மெகாபிட். கணினி காட்டுவது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 100 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் இறங்காது. ஒரு ஜிகாபைட் படத்துக்கு எப்படிப் போனாலும் 80 நொடி ஆகும். இந்த வகுத்தலைச் செய்யாமல் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தவர் தொகை கணக்கில் அடங்காது.

அகலப்பட்டை என்பதற்குச் சட்டப்படி ஓர் அளவு உண்டு. 2004-ஆம் ஆண்டுக் கொள்கைப்படி 256 கிலோபிட் வந்தாலே அது அகலப்பட்டை. 2013-இல் அது 512 ஆனது. 2023-இல் 2 மெகாபிட் ஆனது. படுக்கையறையில் எட்டு மெகாபிட்தான் வருகிறதே என்று புலம்புபவர், சட்டத்தின் கண்ணில் நான்கு மடங்கு பாக்கியசாலி.

ஆய்வு அணுகுமுறை

தொல்காப்பியம் அகப்பாடலை முதல், கரு, உரி என்று பகுத்துப் பார்க்கிறது. இணையத்தின் துயரமும் பெரும்பாலும் அகம் சார்ந்தது என்பதால் அதே பகுப்பு இங்கும் பொருந்துகிறது.

முதற்பொருள்

முதற்பொருளாவது நிலமும் பொழுதும். நிலம் என்பது ஃபைபர் வரும் வழி. ஈபி கம்பத்தில் சுற்றி, வேப்பமரக் கிளையில் தொங்கி, எதிர்வீட்டு மாடிக் கைப்பிடியில் முடிச்சிட்டு வருவது அது. வீடுகளுக்கு வரும் ஜிபான் என்ற முறையில் ஓர் இழையின் 2,488 மெகாபிட்டை 32 அல்லது 64 வீடுகள் பங்கு போட்டுக்கொள்ளலாம். 32 வீடுகளும் ஒரே நொடியில் முழுமூச்சாக இழுத்தால் தலைக்கு 78 கூடத் தேறாது. ஆனால் அப்படி எல்லோரும் ஒன்றுசேர்ந்து இழுப்பது அபூர்வம். அந்த அபூர்வத்தை நம்பித்தான் இத்தொழிலே நடக்கிறது.

பொழுதில் சிறுபொழுது இரவு எட்டு முதல் பதினொன்று. பெரும்பொழுது ஐபிஎல். இவ்விரண்டும் கூடும்போது நேரும் மந்தத்துக்கு வீட்டுக்குள் பரிகாரம் இல்லை. அதிகாலையில் பறக்கும் இணைப்பு இரவில் மட்டும் தவழ்ந்தால், குறை வெளியே இருக்கிறது என்று கொள்க.

கருப்பொருள்

ரவுட்டர், பீரோ, கண்ணாடி, ஃபிரிட்ஜ், மைக்ரோவேவ், அண்டை வீட்டார் ஆகியவை இத்திணையின் கருப்பொருள்கள். இரும்பு பீரோ அலையைத் திருப்பி அனுப்பும். டிரெஸ்ஸிங் டேபிள் கண்ணாடியின் பின்பூச்சும் உலோகமாதலால் அதுவும் அப்படியே. மைக்ரோவேவ் அடுப்பு 2.45 கிகாஹெர்ட்ஸில் இயங்குவது. வைஃபையின் பழைய பட்டையோ 2.4. மதியச் சாம்பார் சூடாகும் இரண்டு நிமிடம் ஆன்லைன் வகுப்பு ஆசிரியர் வாய் திறந்தபடி உறைந்து நிற்பதன் காரணம் இதுவாக இருக்கலாம்.

அந்தப் பட்டையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 என்ற மூன்றே. ஃபிளாட்டிலோ இருபது ரவுட்டர்கள். 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இடம் தாராளம், வேகமும் அதிகம். ஆனால் சுவரைக் கண்டால் அதற்கு ஆகாது. ஆகவே பக்கத்தில் இருப்பவர் 5-ஐயும், சுவர் தாண்டி இருப்பவர் 2.4-ஐயும் பிடிப்பது மரபு.

இன்னொன்று பலரும் அறியாதது. வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் பொதுவாக ஒருவர்தான் பேச முடியும். கடைசி அறையில் தாத்தாவின் பழைய போன் ஈனசுரத்தில், இழுத்து இழுத்துப் பேசிக்கொண்டிருந்தால், அவர் முடிக்கும்வரை ஹாலில் புதுப் போன் வைத்திருக்கும் பேரன் காத்திருக்க வேண்டியதுதான். நவீனக் குடும்பத்தில் மூத்தோர் சொல்லுக்கு இவ்வளவு மதிப்பு வேறெங்கும் தரப்படுவதில்லை.

உரிப்பொருள்

சுழலலும் சுழலல் நிமித்தமும்.

களஆய்வு

அகமா புறமா என்று தீர்க்க ஒரே ஒரு சோதனை போதும். புகார் கொடுத்தால் கேபிள் ஆபீசிலிருந்து தம்பி ஒருவர் வருகிறார். ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே பெட்டியின் அடியிலிருந்து பச்சை முனை கொண்ட மெல்லிய வயரை உருவி, கையடக்க மீட்டரில் செருகுகிறார்.

“மைனஸ் 21. பவர் நல்லா இருக்கு சார்.”

இது டெசிபல் கணக்கு. மூன்று இறங்கினால் ஒளி பாதியாகும். மைனஸ் 27-ஐத் தாண்டி இறங்கினால் பெட்டி தள்ளாடத் தொடங்கும். ஷோகேஸ் மூலையில் வயரை இறுக்கி மடித்து வைத்தாலே ஒளி வெளியே கசிந்து இந்த எண் இறங்கும். அதன்பின் தம்பி லேப்டாப்பில் லேன் கேபிளைச் செருகி ஓட்டிப் பார்க்கிறார்.

“95 வருது. லைன்ல ஒண்ணும் இல்ல சார். வைஃபைதான்.”

கருதுகோள் மெய்யானது. ஆனால் நுட்பமான வாசகர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 300 பிளான் வாங்கிய வீட்டிலும் இந்த எண் 94, 95-இல் அசையாமல் நின்றால், குற்றவாளி கம்பி அல்லது அது செருகும் துளை. லேன் கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் உண்டு. நான்கும் உயிரோடு இருந்தால் ஆயிரம் மெகாபிட். ஒன்று அறுந்தாலும் இணைப்பு பெரும்பாலும் நூறுக்கு இறங்கிவிடும்.

தம்பி அத்தோடு நிற்காமல் தீர்வையும் சொல்கிறார்.

“அம்மா, இத டிவிக்குப் பின்னாடி வெக்காதீங்க. ஹால் நடுச் சுவத்துல, ஆள் உசரத்துக்கு மேல மாட்டுங்க. எல்லா ரூமுக்கும் போகும்.”

“நடுச் சுவத்துலயா? அங்க எங்க கல்யாண போட்டோ இருக்கேப்பா!”

“அப்ப உள் ரூமுக்குத் தனியா ஒரு வயர் இழுத்துரலாம்மா. ஒரு ஹோல் போட்டா போதும்.”

“ஆணி அடிச்சாலே ஹவுஸ் ஓனர் சத்தம் போடுவாரு. ஹோலா?”

அறிவியல் இவ்விடத்தில் நின்றுவிடுகிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடிக் கேபிள் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். இழைக்குள் ஒளியின் வேகம் நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர். போய்த் திரும்ப 32 மில்லிநொடி. கடலைத் தாண்டத் துளை போட அனுமதித்த மனிதகுலம், ஹாலைத் தாண்டத் துளை போட அனுமதிக்கவில்லை.

தொகுப்புரை

ஆய்வின் வழி கிடைத்த முடிவுகள் வருமாறு. முதலில் கம்பியில் அளக்க, பிறகு திட்டுக. அசையாத பொருள்களான டிவி, கணினி ஆகியவற்றைக் கம்பிக்கு மாற்றினால், அசையும் பொருள்களுக்குக் காற்று மிஞ்சும். ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பிச் சொல்லும் மலிவு ரிப்பீட்டர், எட்டும் தூரத்தைக் கூட்டி வேகத்தைப் பாதியாக்கும். போன் தன் படங்களையெல்லாம் மேகத்துக்கு ஏற்றும் நேரத்தில் வீடியோ கால் திக்கினால் இறக்கத்தைக் குறை சொல்லாதீர், அடைபட்டிருப்பது ஏற்றம். ரவுட்டருக்குப் பூவேலைத் துணி போர்த்துவது அழகியல் சார்ந்த செயல். அதன் காற்றோட்டத் துளைகளுக்கு அழகியல் தெரியாது.

மேலாய்வுக் களங்கள்

‘ஹாலின் நடுச்சுவர்: உரிமையும் உறவுமுறையும்’, ‘ஷோகேஸ் பொம்மைகளும் அலைத் தடையும்’ ஆகிய தலைப்புகளில் விரிந்த ஆய்வுகளுக்கு இடமுண்டு. எனினும் உடனடித் தேவை ‘சென்னை வாடகை ஒப்பந்தங்களில் சுவர்த்துளை விதி: மெகாபிட் இழப்பு மதிப்பீடு’ என்பதே. அதற்குப் புறத்தேர்வாளராக ஹவுஸ் ஓனர்களை மட்டும் நியமிக்கக் கூடாது. நியமித்தால் முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்கள்.