அப்பாவுக்கு அரசுச் சாப்பாடு

ஜீவனாம்சம் தராத தகப்பனைச் சட்டம் கைவிடுவதே இல்லை. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவுப்படி, ஒரு மாதப் பாக்கிக்கு ஒரு மாதம் வரை சிறை. என்ன கருணை! பிள்ளை கல்வராயன் மலையில் பட்டினி கிடந்தாலும், அப்பாவுக்கு வேளை தவறாமல் அரசுச் சாப்பாடு. கரும்பு வெட்டும் கூலிக்கு அலைய வேண்டாம். கூலி இல்லையென்றால் கொடுக்கச் சொல்லி யார் கேட்பது?

தாய்க்கும் சலுகை உண்டு. வாய்தாவுக்கு வாய்தா கள்ளக்குறிச்சிக்கு மலையிறங்கி ஊர் பார்க்கலாம். பாக்கி விழுந்து ஓராண்டுக்குள் மனுப் போடாவிட்டால் வாரண்ட் கிடையாது, சோம்பேறித்தனத்தை வளர்க்கலாமா?

அப்பாவுக்கு ஒரே குறை, உள்ளே இருந்தாலும் பாக்கி கழியாது என்று 1988-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தின்ற களியெல்லாம் வீண்! இதற்குப் பணத்தையே கட்டியிருக்கலாமே என்பவரைத்தான் முதலில் உள்ளே போட வேண்டும்.