பாடி வந்தது, கை வரவில்லை

திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனங்களில் மெர்ச்சண்டைசர் என்றொரு பதவி உண்டு. வெளிநாட்டு பையரிடம் ஆர்டர் விவரங்களைப் பெற்று, நூல் கொள்முதல் தொடங்கிப் பெட்டிகள் தூத்துக்குடித் துறைமுகம் சேரும் வரை ஒவ்வொரு கட்டத்தையும் விரட்டிக்கொண்டிருப்பது அவருடைய பணி என்று நியமன ஆணை கூறும். அவரைச் சற்று நேரம் கவனிப்போர்க்கோ, அவர் மெய்யாகச் செய்வது ஆங்கிலத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பது என்பது விளங்கிவிடும். பையர் எழுதும் ஆங்கிலமும் பனியன் கம்பெனியில் புழங்கும் ஆங்கிலமும் ஒலியால் ஒன்று, பொருளால் வேறு.

அவிநாசியிலிருந்து வரும் பேருந்தில் அவர் கைப்பேசியை எடுத்து, "ஏனுங்ணா, பாடி நேத்தே வந்துருச்சுங்க, கை மட்டும் இன்னும் வரலீங்க, கழுத்து டையிங்ல கெடக்குதுங்க" என்று உரக்கப் பேசும்போது, பக்கத்தில் இருக்கும் வெளியூர்க்காரர் மெல்ல எழுந்து வேறு இருக்கை தேடுவது இயல்பே. பாடி என்பது ஆடையின் மார்பும் முதுகுமான பகுதி. டையிங் என்பது துணிக்குச் சாயமேற்றுதல். கழுத்துப் பட்டைக்கான ரிப் துணி சாயப்பட்டறையிலிருந்து திரும்பவில்லை என்பதற்கு மேல் அந்த உரையாடலில் குற்றம் ஏதுமில்லை. டையிங் என்ற சொல்லின் விநோதம் அதோடு நிற்கவில்லை: நொய்யல் ஆற்று மாசு வழக்கில், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டபோது, டையிங் நின்றதாலேயே தொழிலுக்கு உயிர்போகும் நிலை வந்தது.

நூலின் பருமனைக் குறிக்கும் கவுண்ட் என்ற அளவு, ஒரு பவுண்டு நூலில் 840 கெஜ நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை தேறும் என்ற கணக்கில் பிறப்பதால், எண் ஏற ஏற நூல் மெலிந்துகொண்டே போகும். புதிதாகச் சேர்ந்த மெர்ச்சண்டைசர் பெரிய எண் பெரிய நூல் என்று நம்பித் தம் முதல் வசவை வாங்குவது இங்கேதான்.

ஷிப்ட் இன்னும் சிக்கலானது. உலகத்துக்கு அது வேலை நேரம். திருப்பூர்த் தொழிலாளிக்கு அது கூலியின் அலகு. எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட் என்றால் பன்னிரண்டு மணி நேரம் ஒன்றரை ஷிப்ட். பையரின் சார்பில் வேலைநிலைமையைச் சோதிக்க வரும் ஆடிட்டர், "உங்களுக்கு எந்த ஷிப்ட்?" என்று கேட்க, தையல்காரர் வெள்ளந்தியாக, "இந்த வாரம் ஒம்பதுங்க" என்று சொல்லிவிட்டால், ஆறு நாளில் ஒன்பது எப்படி வந்தது என்று ஆடிட்டர் கூட்டிப் பார்த்து முடிப்பதற்குள் இடையில் பாய்ந்து, அது டோக்கன் எண் என்றோ வேறு எதுவோ என்றோ விளக்கம் சொல்லும் பொறுப்பு மெர்ச்சண்டைசருடையது. இவ்விடத்தில் அவருடைய மொழிபெயர்ப்பு பொய்யாகிவிடுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவருடைய தனித்திறன் வெளிப்படுவது மின்னஞ்சலில். அவர் எழுதும் "ரெடி" என்பதற்குத் துணி வெட்டப்பட்டுவிட்டது என்று பொருள். "அண்டர் ப்ராசஸ்" என்பதற்கு நூல் இன்னும் வாங்கப்படவில்லை என்று பொருள். "டுடே" என்பதற்கோ, நியூயார்க்கில் நள்ளிரவு ஆகும் வரை என்று பொருள், அதாவது திருப்பூரின் மறுநாள் காலை. பையரும் இளைத்தவரல்லர், அவர் எழுதும் "இன்ட்ரஸ்டிங்" என்பது ஆர்டர் கிடையாது என்பதன் நாகரிக வடிவம்.

இத்தனை சொற்களையும் வளைக்கத் தெரிந்தவர் வளைக்க இயலாத சொல் ஒன்றுண்டு. அது ஏர். கப்பலில் போகவேண்டிய சரக்கு தாமதமாகி, கம்பெனியின் சொந்தச் செலவில் விமானத்தில் போக நேர்வதற்கு அப்பெயர். காற்றைக் குறிக்கும் அச்சொல் காதில் விழுந்ததும் முதலாளிக்கு மூச்சு நின்றுவிடும்.

நல்ல ஆங்கிலம் தெரிந்த மெர்ச்சண்டைசர் தேவை என்று விளம்பரம் செய்யும் நிறுவனத்தார், எந்த ஆங்கிலம் என்பதையும் அதிலேயே குறிப்பிட்டுவிட்டால் விண்ணப்பிப்போர்க்கு உதவியாக இருக்கும்.