வானத்துல படிக்கட்டு

வாடா பேராண்டி! கறுப்பு வெள்ளையில மேகம் பிரின்ட் போட்டியாமே, பாத்தேன். மேல கறுத்து, கீழ வரவர வழவழன்னு வெளுக்க வேண்டிய வானம், கோயில் குளமாட்டம் படிபடியா இறங்குது. கேட்டா பிரின்டர் சரியில்ல, புதுசு வாங்கணுங்கற. வாங்கு ராசா, காசு உங்கப்பனுதுதானே! அதுக்கு முந்தி கிழவன் சொல்றதையும் செத்த கேளு.

வானத்துல ஒரு துண்டை வெட்டி எடு. ஒருக்கா நேரா அடி. இன்னொருக்கா 90 டிகிரி திருப்பி அடி. கோடும் படத்தோட சேந்து திரும்பிட்டா குத்தம் ஃபைல்ல. படம் திரும்பியும் ஹெட் ஓடுற வாக்குலயே கோடு நின்னா குத்தம் மெஷின்ல. ரெண்டு தாள்ல பஞ்சாயத்து முடிஞ்சுது.

ஃபைல்னா, ஜேபெக்ல எடுத்துட்டு கர்வ்ஸைப் புடிச்சு இழு இழுன்னு இழுத்திருப்ப. 8 பிட்டுல கறுப்புல இருந்து வெள்ளை வரைக்கும் மொத்தமே 256 அளவுதான். அதுல வானத்துக்குக் கிடைக்கிறது கொஞ்சம். அதையும் இழுத்தா நடுவுல சந்து விழாம என்ன செய்யும்? ஜேபெக்கை அப்புறமா 16 பிட்டு ஆக்குனா போனது திரும்பாது. ரா ஃபைல்ல இருந்தே 16 பிட்டுல ஆரம்பி. அப்பவும் திட்டு தெரிஞ்சா லேசா நாய்ஸ் தூவு. மூஞ்சியச் சுளிக்காத! ஃபிலிம் காலத்துல கிரெயின்னு சும்மா கிடைச்சதைத்தான் இப்ப நீங்க ஃபில்டர்னு காசு குடுத்து வாங்குறீங்க.

மெஷின்னா, முதல்ல நாசில் செக். கட்டத்துல கோடு விட்டுப்போயிருந்தா ஹெட் கிளீனிங் ஒண்ணு ரெண்டு போடு. விடிய விடியப் போட்டா மையெல்லாம் வேஸ்ட் பேடுக்குத்தான் விருந்து. நாசில் சுத்தமா இருந்தும் கோடு வந்தா ஹெட் அலைன்மென்ட் பாரு.

ரெண்டும் சரியா இருந்தா, மகராசன் மேட் தாளை மாட்டிட்டு டிரைவர்ல குளாஸின்னு குடுத்திருப்ப. குளாஸிக்கு ஃபோட்டோ பிளாக், மேட்டுக்கு மேட் பிளாக். மையும் மாறும், அளவும் மாறும். ஃபோட்டோஷாப்பையும் டிரைவரையும் சேத்துக் கலர் பாக்கச் சொல்லாத. ஒண்ணு பாத்தாப் போதும்.

கடைசியா, கறுப்பை 0 சதவீதத்துல இருந்து 100 வரைக்கும் அஞ்சஞ்சா ஏத்தி 21 கட்டம் அடி. மை நல்லாக் காயட்டும். ஜன்னல் வெளிச்சத்துல வச்சுப் பாரு. 85-க்கு மேல எல்லாம் ஒரே கரியாத் தெரிஞ்சா, உன் படத்துல நிழலும் அப்படித்தான் அப்பிக்கும். 21 கட்டமும் பிரியுற வரைக்கும் விலை கூடின தாள்ல கைய வைக்காத.