மேட்டுக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று

இந்த வாரக் கடிதங்களைப் பிரித்தால் பாதிக்கு மேல் பெட்ரோல் வாடை. மேட்டூரே அட்வென்ச்சர் பைக் வாங்கக் கிளம்பிவிட்டது போலிருக்கிறது. சினிமாவும் அரசியலும் அடுத்த வாரம்.

அதென்ன 'டூயல் ஸ்போர்ட்'? விளங்கும்படி சொல்லுங்கள்.
*(தங்கமாபுரிப்பட்டணத்திலிருந்து ஒரு தாத்தா)*

நம் மேட்டூர் என்ற பெயரேதான். மேட்டிலும் ஓடும், ஊரிலும் ஓடும். 1980-ல் பி.எம்.டபிள்யூ கம்பெனி இப்படியொரு பெரிய வண்டியைக் கொண்டுவந்தபோது 'ஆர் 80 ஜி/எஸ்' என்று பெயர் வைத்தது. 'ஜி' ஜெர்மன் மொழியில் கரடுமுரடான நிலம், 'எஸ்' தெரு. நடுவில் ஒரு சாய்கோடு இருக்கிறது பாருங்கள், அதை மறந்துவிடாதீர்கள். கடைசியில் தேவைப்படும்.

என் உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். இந்த வண்டிகளில் உட்கார்ந்தால், 'தரைக்குப் பேச டிரங்க் கால் போடணும்' என்று கிண்டல் செய்கிறார்கள். எனக்குக் கொடுப்பினை இல்லையா?
*(நங்கவள்ளி விசைத்தறிக்காரர்)*

உண்டு. முதலில் காகிதத்தில் உள்ள எண்ணைக் கண்டு பயப்படாதீர்கள். ஹிமாலயன் 450-க்கு இருக்கை உயரம் 825 மில்லிமீட்டர், எக்ஸ்பல்ஸ் 210-க்கு 830, சுசுகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸுக்கு 835. இந்த வித்தியாசம் செருப்பை மாற்றினாலே சரியாகிவிடும். நீளமான ஷாக் அப்சார்பர் உள்ள வண்டி, ஆள் உட்கார்ந்ததும் கொஞ்சம் அமுங்கும். இருக்கையின் முன்பக்கம் ஒல்லியாக இருந்தால் கால் நேராக இறங்கும். அகலமாக இருந்தால் அதே உயரம் கூடுதலாகத் தெரியும். ஷோரூமில் வெறுங்காலோடு ஏறாதீர்கள். என்ன பூட்ஸ் போட்டு ஓட்டப்போகிறீர்களோ அதைப் போட்டுக்கொண்டு ஏறுங்கள். ஒரு கால் முழுதாக ஊன்றினால் போதும், இரண்டும் வேண்டியதில்லை.

பயப்பட வேண்டிய எண் எடை. வி-ஸ்ட்ராம் 167 கிலோ, ஹிமாலயன் 196. பூலாம்பட்டியில் விசைப்படகில் வண்டியோடு நெருஞ்சிப்பேட்டைக்கு அக்கரை போகிறோம் அல்லவா, அங்கேதான் எனக்கு இது உறைத்தது. என் நண்பரின் கனமான வண்டியைப் படகேற்ற நாலு பேர் கை கொடுத்தார்கள். பின்னாலேயே ஒருவர் எக்ஸ்.எல்-லில் புல்லுக்கட்டோடு வந்தார். யாரையும் கூப்பிடவில்லை, பீடியைக்கூட வாயிலிருந்து எடுக்கவில்லை.

உங்களுக்கு ஒரு பரீட்சை வைக்கிறேன். சரிவான இடத்தில் மூக்கைக் கீழே பார்த்து வண்டியை நிறுத்துங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு, உட்கார்ந்தபடியே பின்னால் தள்ளுங்கள். தள்ள முடிந்தால் அது உங்கள் வண்டி. முடியாவிட்டால் நீங்கள் அதன் ஆள்.

மைலேஜ் எவ்வளவு தரும்?
*(மேச்சேரி மளிகைக்கடை முதலாளி)*

இந்தக் கேள்வி இன்னும் வரவில்லையே என்றுதான் பார்த்தேன். உங்கள் ஸ்ப்ளெண்டரை விட நிச்சயம் குறைவு. நின்றுகொண்டே ஓட்டினால் இன்னும் குறைவு.

விளம்பரத்தில் ஒரு விலை, கடையில் ஒரு விலை. நடுவில் யார் சாப்பிடுகிறார்கள்?
*(மேட்டூர் அனல்மின் நிலைய ஊழியர்)*

பந்தியில் பலர். பெரிய இலை அரசாங்கத்துக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. 350-ஐத் தாண்டினால் செஸ் உட்பட 31 சதவீதமாக இருந்தது 40 ஆக ஏறியது. ஹிமாலயன் 450, கே.டி.எம். 390 அட்வென்ச்சர் எல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கம். எக்ஸ்பல்ஸ், வி-ஸ்ட்ராம், ஓசூரில் தயாராகி 2025 அக்டோபரில் வெளிவந்த 299 சி.சி. டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்டிஎக்ஸ் 300 ஆகியவை இந்தப் பக்கம்.

அதோடு விடாது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றிய கணக்குப்படி, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட புது பைக்குக்கு ஆயுள் வரி 12 சதவீதம். இரண்டு லட்ச ரூபாய் வண்டி என்றால் சுளையாக 24,000. அடுத்தது இன்ஷூரன்ஸ். புது இருசக்கர வாகனத்துக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீட்டை மொத்தமாகக் கட்டியே ஆக வேண்டும். 2022 ஜூனில் நிர்ணயித்த கட்டணம் 150-லிருந்து 350 சி.சி. வரை 7,365 ரூபாய். அதற்கு மேல் 15,117. அங்கேயும் அதே 350 கோடு! காப்பீட்டை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வெளியே விலை கேட்டுவிட்டுப் பேரம் பேசுங்கள்.

கடைசி வரியில் 'கையாளும் கட்டணம்', 'லாஜிஸ்டிக்ஸ்' என்று ஏதாவது எழுதியிருப்பார்கள். "இது எதற்கு?" என்று சத்தமாகக் கேளுங்கள், பக்கத்து மேசைக்காரருக்கும் கேட்கட்டும். நான் கேட்டபோது விற்பனையாளர் மேலாளரைப் பார்த்தார், மேலாளர் ஃபேனைப் பார்த்தார், கட்டணம் காணாமல் போய்விட்டது.

முன் சக்கரம் 21 அங்குலமாம், 19 அங்குலமாம். ஸ்போக்காம், அலாயாம். தலை சுற்றுகிறது.
*(ஜலகண்டபுரம் கல்லூரி மாணவர்)*

சக்கரம்தானே சுற்ற வேண்டும்? உங்கள் தாத்தாவின் மாட்டுவண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். இட்டேரியில் குழியும் கல்லுமாகக் கிடந்தாலும் அந்தப் பெரிய சக்கரம் விழாமல் ஏறிப் போகும். அதே சங்கதிதான். சக்கரம் பெரிதாக ஆக, கல்லின்மேல் மோதாமல் சாய்ந்து ஏறுகிறது. எக்ஸ்பல்ஸுக்கும் ஹிமாலயனுக்கும் முன்னால் 21. வி-ஸ்ட்ராமுக்கும் ஆர்டிஎக்ஸுக்கும் 19, அலாய். தார் ரோட்டில் 19 சுறுசுறுப்பாகத் திரும்பும். 21 கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பும்.

ஸ்போக் வளையும், அலாய் விரிசல் விடும். வளைந்த ரிம்முக்கு மேட்டூரிலேயே கோட்டம் எடுக்க ஆள் உண்டு. ஆனால் ஸ்போக் சக்கரத்தில் பெரும்பாலும் டியூப் இருக்கும். பஞ்சர் ஆனால் சக்கரத்தைக் கழற்றித்தான் ஒட்ட வேண்டும். பாலமலை ஏற்றத்தில் நடுவழியில் பஞ்சராகி நிற்கும்போது, அலாய் வண்டிக்காரர் ஒரு திரியைச் செருகிக் காற்றடித்துக்கொண்டு டாட்டா காட்டுவார். டியூப் இல்லாத ஸ்போக் சக்கரம் ஹிமாலயன் 450-க்குக் கிடைக்கிறது, காசு கூட. பட்ஜெட் இடம் கொடுத்தால் அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

பின்சீட்டில் உட்காரப் போகிறவள் நான். என்னை யாரும் கேட்கவில்லை.
*(ஒரு மனைவி, ஓமலூர்)*

நான் கேட்கிறேன், தாயே. பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடியும், கால்பலகையும், பின்சக்கரத்தில் பாதியை மறைக்கும் தடுப்பும் மோட்டார் வாகன விதிப்படியே கட்டாயம். அழகு கெடுகிறது என்று சேலைத் தடுப்பைக் கழற்றச் சொல்லும் கணவர்கள் உண்டு, விடாதீர்கள். ஏறும்போது அவர் இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு 'சரி' என்று சொன்ன பிறகே கால்பலகையில் மிதியுங்கள். பின்சீட்டு தட்டையாகவும் அகலமாகவும் இருக்கிறதா என்று அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்த பிறகு முன்பணம் கொடுக்கச் சொல்லுங்கள். செக் புத்தகம் உங்களிடம் இருப்பது நல்லது.

வாங்கினால் எங்கே ஓட்டுவது? காட்டுக்குள் போகலாமா?
*(கொளத்தூர் இளைஞர் குழு)*

எந்தக் காடு? நம் பக்கம் 'காடு' என்றால் கடலைக்காடு, சோளக்காடு. அதுவும் அடுத்தவன் காடு என்றால் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு சக்கரம்கூட வைக்கக்கூடாது. பாலாறு வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் போகும் ரோடு இருக்கிறது. ரோட்டிலேயே யானை வரும், அதுவே போதுமான சாகசம். வளைவு வேண்டுமென்றால் கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி.

பாலமலைக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமை வீடியோ. மலைக்கிராமத்து மக்களுக்கு ரேஷன் அரிசியும் பிரசவ வலியும் போய் வருகிற தடம். மழை நாளில் சக்கரத்தைச் சுழற்றி அதை உழுதுவிட்டு வராதீர்கள்.

இன்னொரு சபலமும் வரும். மேட்டூர் அணையில் நீர் வற்றிய காலங்களில் பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி தலைகாட்டும், பழைய தேவாலயக் கோபுரம் தெரியும். சுற்றிலும் பரந்த மைதானம். வண்டியை இறக்கு என்று மனசு சொல்லும். மேலே வெடித்துக் காய்ந்த மண், கீழே 1934-லிருந்து படிந்த வண்டல். 196 கிலோ புதைந்தால் டிராக்டர்தான் வர வேண்டும். நந்தி எங்கும் போகாது, நடந்தே போய்ப் பாருங்கள்.

பழைய வண்டி வாங்கலாமா?
*(எடப்பாடி மெக்கானிக்கின் தம்பி)*

அண்ணன் வீட்டிலேயே இருக்க என்னைக் கேட்பானேன்? அவரைக் கூட்டிப் போய் எஞ்சினின் அடித்தகட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். கீறல் இருந்தால் வண்டி மலை ஏறியிருக்கிறது. கீறலே இல்லாமல் தகடு மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு, ரிம்மில் நெளிவு, கோன் செட்டில் ஆட்டம் மூன்றையும் அவரே சொல்லிவிடுவார். 2011-ல் வந்த 150 சி.சி. ஹீரோ இம்பல்ஸ் கிடைத்தால் எனக்கும் ஒரு போன் போடுங்கள். காலத்துக்கு முன்னால் பிறந்து, வாங்க ஆளில்லாமல் நின்றுபோன வண்டி அது.

மகன் லடாக் போக 450 சி.சி. கேட்கிறான். வேலை சேலத்தில்.
*(ஒரு தகப்பன், மேட்டூர் ஆர்.எஸ்.)*

லடாக் ஒரு தடவை. சேலம் தினமும், போக வர நூறு கிலோமீட்டர், சாம்பல் லாரிகளின் பின்னால். முதலில் முகத்தை மூடும் ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட், கையுறை, கணுக்காலுக்கு மேல் வரும் பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள். லடாக்குக்கு லீவு கிடைத்த கடிதத்தைக் காட்டினால் மீதியைப் பேசலாம் என்று சொல்லுங்கள்.

சுற்றி வளைக்காமல் ஒரு பெயர் சொல்லுங்கள் ஐயா!
*(பொறுமையிழந்த வாசகர், தாரமங்கலம்)*

'ஜி/எஸ்' நடுவில் இருந்த அந்தச் சாய்கோட்டை எடுங்கள். போன மாதம் நீங்கள் ஓட்டிய கிலோமீட்டரை இடது பக்கம் மண், வலது பக்கம் தார் என்று எழுதுங்கள். தோட்டத்துத் தடம், மண்ரோடு அதிகம் என்றால் எக்ஸ்பல்ஸ் 210. நான்குவழிச் சாலைதான் அதிகம், மண் எப்போதாவது என்றால் வி-ஸ்ட்ராம் அல்லது ஆர்டிஎக்ஸ். வாட்டசாட்டமான ஆள், மூட்டைமுடிச்சோடு வாரக்கணக்கில் கிளம்புபவர் என்றால் ஹிமாலயன். இடது பக்கம் பூஜ்யம் என்று வந்தால், கோபித்துக்கொள்ளாதீர்கள், ஸ்கூட்டர். சர்வீஸ் எங்கே கிடைக்கும் என்றும் பாருங்கள். ஒவ்வொரு கேபிளுக்கும் சேலம் பஸ் ஏற வேண்டுமென்றால் ஆசை ஆறே மாதத்தில் ஆறிவிடும்.

அணைக்கட்டு முனியப்பனுக்குப் பூஜை போட எத்தனை எலுமிச்சை வாங்க? 21 அங்குலச் சக்கரத்துக்குப் பெரிய பழமா?
*(நேற்றே வாங்கிவிட்டவர், மேட்டூர்)*

இரண்டு போதும், நாட்டுப் பழம். நசுக்கும்போது கிளட்சை மெதுவாக விடுங்கள். எதிரே கிடா வெட்டிய பந்திக்குச் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள்.